ஆயுள் சந்தாவும் நானூறு அளவுகளும்

அக்கா தையல்காரி. தம்பிக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் ஆஃபர். தள்ளுபடி என்று எங்கே எழுதியிருந்தாலும் அவன் கால் அங்கே நின்றுவிடும். மூன்று வருடங்களுக்கு முன் அக்காவின் போனில் அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்ததும் அவன்தான். வாடிக்கையாளர்களின் அளவுகளை அதில் பதிந்து வைக்கலாம்.

"ஆயுள் சந்தாக்கா. ஒரே தடவை கட்டியாச்சு, இனி கவலையே இல்ல."

அக்கா நம்பினாள். பதினோரு அளவு நோட்டுகளையும் பழைய பேப்பர் கடையில் போட்டாள். நானூறு பேரின் தோளும் இடுப்பும் கைநீளமும் போனுக்குள் போயின.

போன மாதம் ஒரு மெயில் வந்தது. மாதக் கடைசியோடு சேவை நிறுத்தப்படுகிறதாம்.

"ஆயுசுக்கும்னு சொன்னியேடா?"

தம்பி நிபந்தனைகளை அன்றுதான் முதன்முதலாகப் படித்தான். முகம் சுண்டிப்போனது. "அது நம்ம ஆயுசு இல்லியாம்க்கா. அவங்க சேவையோட ஆயுசாம்."

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், அது அதுக்குள்ள போய்ச் சேர்ந்துடுச்சா?" என்றாள் அக்கா. சிரிப்பு முதலில் வந்தது, கோபம் பிறகு வந்தது.

பதிவிறக்கிப் பார்த்தால் வெறும் பெயரும் போன் நம்பரும்தான் வந்தன, அளவுகள் வரவில்லை. கம்பெனிக்கு எழுதினால் பதிலே இல்லை. தம்பி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, துணி வெட்டும் மேசையருகே உட்கார்ந்தான். அவன் திரையைப் பார்த்து வாசிக்க, அக்கா புது நோட்டில் எழுதினாள். நான்காம் நாள், சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்பே, செயலி திறக்க மறுத்துவிட்டது. இன்னும் நூற்றிருபது பேர் பாக்கி.

"எல்லாம் என்னாலதான்க்கா."

"மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே. போன் நம்பர் இருக்குல்ல? ஒவ்வொருத்தரா கூப்பிடு. அளவு தொலைஞ்சிடுச்சு, ஒரு எட்டு வந்துட்டுப் போங்கன்னு உள்ளதைச் சொல்லு."

வந்தார்கள். தலைமையாசிரியரின் இடுப்பு மூன்று அங்குலம் கூடியிருந்தது. "பழைய அளவுல தைச்சிருந்தா மேடையிலேயே மானம் போயிருக்கும்" என்று அவரே வயிற்றைத் தட்டிச் சிரித்தார். வந்தவர்களில் பாதிப் பேர் துணியும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வந்தார். மனைவி இறந்த பிறகு அவர் கடைப்பக்கம் வந்ததே இல்லை.

"அவதான் துணி எடுப்பா. எனக்கு எதுவும் தெரியாதும்மா. நீ கூப்பிட்டு விட்டியேன்னு வந்தேன்."

அக்கா அலமாரியிலிருந்து ஒரு நீலத்துணியை எடுத்து அவர் தோளில் போட்டுப் பார்த்தாள்.

"இது உங்களுக்கு எடுப்பா இருக்குண்ணே."

அவர் கண்ணாடியில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நிமிர்ந்து கைகளை விரித்தார்.

"கொஞ்சம் தாராளமா வைம்மா, மூச்சு விடணும்ல."

அக்கா டேப்பைச் சுற்றி அளவைச் சொன்னாள். தம்பி நோட்டில் எழுதிக்கொண்டான்.