காய் என்று எழுதிய சீட்டு

“உங்க வயிறு மூணு நாளா எங்க வீட்டுலதாம்மா சாப்பிடுது. சாப்பிடட்டும், வேண்டாங்கல. ஆனா உண்ட மயக்கத்துல மேசை மேல ஏறிப் படுத்துக்குது. எங்க வீட்டுக்காரர் எதுமேல வச்சு இஸ்திரி போடுவாரு?”

இதைத் தங்கபுஷ்பம் லிஃப்ட் வாசலில் நின்று, நாலு பேர் காதில் விழும்படி சொன்னாள். கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் அவளும் கணவனும் குடியிருந்து, அடுக்ககத்தின் அத்தனை வீட்டுத் துணிகளுக்கும் இஸ்திரி போட்டார்கள். பிரமிளாவுக்குக் காது மடல் சுட்டது. வயிறு போனது பெரிய விஷயமில்லை. இரண்டாம் மாடி மகாலிங்கத்தின் நுரையீரல்கூடப் போன மாதம் புகை தாங்காமல் கோபித்துக்கொண்டு கொடைக்கானல் போய், இரண்டு வாரத்தில் சளியோடு திரும்பி வந்தது. ஆனால் உலகத்தில் இத்தனை வீடு இருக்க, தன் வயிறு இங்கேயா போய் உட்கார வேண்டும்?

போன குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில்தான் அவள் தங்கபுஷ்பத்தை எழுப்பி நிறுத்தி, “நீ தினம் என்ன பழம் சாப்பிடறே, சொல்லு பார்ப்போம்” என்று கேட்டிருந்தாள். தங்கபுஷ்பம் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். “இதுதான் பிரச்சினை,” என்று பிரமிளா மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள். கைதட்டினார்கள். லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ‘தினமும் காய், தினமும் பழம்’ என்ற அறிவிப்பும் அவள் கையெழுத்துதான். இன்று நான்கு மணிக் கூட்டத்தில் அதைப் பற்றி அவளேதான் பேச வேண்டும். நார்ச்சத்து மலச்சிக்கலைப் போக்கும், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கும் என்று இரண்டு பக்கம் எழுதிக் கையில் மடித்து வைத்திருந்தாள். பேசுகிறவர்கள் உறுப்பு குறையாமல் வர வேண்டும் என்பது சங்க விதி. செயலாளர் வாசலிலேயே தட்டிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்.

“முன்னாடியே சொல்லியிருந்தா வந்து கூட்டிட்டுப் போயிருப்பேனே.”

“உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் வந்துச்சாம். காய்னு எழுதி வச்சிட்டு வந்துச்சாமே.”

எழுதித்தான் வைத்திருந்தது. வியாழக்கிழமை காலை ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு. அதில் ‘காய்’ என்று ஒரே சொல். பிரமிளா அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் அரைக் கிலோ அவரைக்காயும் ஒரு சௌசௌவும் வாங்கி வந்தாள்.

“அய்ய, காய் விட்டா சண்டைம்மா. இனி உன்கூடப் பேச மாட்டேன்னு அர்த்தம். சின்னப் புள்ளையில விட்டதில்லையா நீங்க?”

விட்டதில்லை. அவள் படித்த கான்வென்டில் தமிழ் பேசினால் முட்டி போட வேண்டும். சண்டை வந்தால் மதர் இரண்டு பேரையும் கைகுலுக்க வைத்து ‘ஸாரி’ சொல்ல வைப்பார், அதோடு முடிந்தது. காய் என்றால் அவளுக்கு மார்க்கெட்டில் விற்கிற காய்தான். அதையாவது சாப்பிட்டாளா? அவரைக்காய்ப் பொரியலும் நறுக்கிய பப்பாளியும் கணவனுக்கும் மகனுக்கும் போயின. அவள் அடுப்படியில் நின்றபடியே தயிர்சாதத்தையும் ஊறுகாயையும் உள்ளே தள்ளினாள்.

“வீட்டுல எல்லாருக்கும் போட்டுட்டு மிச்சம் மீதியைத்தான் நான் சாப்பிடறேன். அது வயித்துக்குத் தெரியாதா?”

“அது வேற மாதிரில்ல சொல்லுது.” தங்கபுஷ்பம் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியதும்தான் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. “உங்களுக்குக் காயே பிடிக்காதாமே. ஹாஸ்டல்ல பீட்ரூட்டை யூனிஃபார்ம் பைக்குள்ள ஒளிச்சு வச்சு, பாவாடையெல்லாம் சாயம் ஏறி, அடி வாங்குனீங்களாமே.”

லிஃப்டுக்குக் காத்திருந்த நாலு பேரும் அறிவிப்பைப் படிக்க ஆரம்பித்தார்கள். பிரமிளா தங்கபுஷ்பத்தின் பின்னாலேயே தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

அறையில் வயிறு பாயில் உட்கார்ந்து முருங்கைக்கீரை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மதில் ஓரத்து மரத்தில் பறித்த கீரை. பக்கத்தில் இரண்டு கொய்யா. மூன்று நாளில் உப்புசம் வடிந்து, முகத்தில் களை வந்திருந்தது.

“அன்னைக்குக் கூட்டத்துலயே கொய்யான்னு சொல்லியிருக்கலாமே,” என்றாள் பிரமிளா.

“இங்கிலீஷ்ல சொல்லச் சொல்வீங்களோன்னு பயந்துட்டேன்.”

வயிறு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது. மணி நான்காகப் பத்து நிமிடம் இருந்தது.

“என்ன சொன்னா வரும்?”

“பழம் விடணும். ரெண்டு விரலை நீட்டிப் பழம்னு கேளுங்க. மனசு இருந்தா தொடும்.”

பிரமிளா பாய் ஓரத்தில் முட்டி போட்டாள். அது அவளுக்குப் பழகியதுதான். வலது கையில் இரண்டு விரலை நீட்டினாள்.

“பழம்,” என்றாள்.

வயிறு கொய்யாவைக் கடித்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நீட்டிய விரல்கள் இரண்டும் கையைவிட்டு இறங்கிப் போய் வயிற்றின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன. தங்கபுஷ்பம் அவற்றுக்கும் ஒரு தட்டு வைத்துக் கீரை போட்டாள். பிறகு தானும் ஒரு தட்டோடு உட்கார்ந்தாள்.

மேலே ஒலிபெருக்கியில் செயலாளர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். பிரமிளா மீதி மூன்று விரல்களால் பேச்சுக் காகிதத்தைப் பிரித்து, சுருக்கம் நீவி, தட்டுபோலத் தன் முன்னால் விரித்து வைத்தாள்.

“எனக்கும் ஒரு கரண்டி கீரை போடு,” என்றாள்.

யாரும் திரும்பவில்லை.

“போடுங்களேன்,” என்றாள் பிரமிளா.