பத்தாவது இழுப்பு

கைமல்யுத்த மேசைக்குப் போவதற்கு முன்னால் கையைச் சூடேற்ற வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு நியாயம் வைத்திருப்பார்கள். இருக்கிற பலத்தை எதற்காக முன்கூட்டியே கரைப்பது என்பது ஒரு கட்சி. ஆறிப்போன கையோடு போனால் மேல்கை எலும்பு படாரென்று முறியும், அந்தச் சத்தத்தைக் கேட்டவன் அன்றைக்குச் சோறு சாப்பிடமாட்டான் என்பது இன்னொரு கட்சி. டயர்க்கடைக்காரன் இளவயதில் முதல் கட்சியில் இருந்தான். லாரி டயரைத் தனியாளாகப் புரட்டிப் போடுகிற கைக்குச் சூடு ஒரு கேடா என்று கேட்பான்.

ஒரு குளிர்காலக் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு நேரே மேசைக்குப் போனான். நடுவர் தொடங்கச் சொன்ன இரண்டாவது நொடி, முழங்கைக்கு உள்பக்கம் ஏதோ பட்டென்று விட்டது. கை பிறகு தேறிவிட்டது, டயர் கழற்றவும் மாட்டவும் ஒரு குறையும் இல்லை, ஆனால் போட்டிக்கு அன்றோடு முழுக்கு. அதற்கு முன்னால் மட்டும் என்ன கிழித்தான்? இரண்டாவது சுற்றைத் தாண்டியதே கிடையாது. அவன் வாயால் கேட்டால் மட்டும், அந்த நரம்பு விட்டிருக்காவிட்டால் ஊரே அவன் காலடியில் கிடந்திருக்கும்.

அவன் மனைவிக்குப் பேக்கரியில் வேலை. மாவு பிசையும் இயந்திரத்தின் தொட்டியிலிருந்து முப்பது கிலோ மாவை இரண்டு கையாலும் வாரி எடுத்து மேசைமேல் போடவேண்டும். தொட்டியோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கிற மாவு, பிடித்தால் வழுக்குகிற மாவு. பதினோரு வருஷமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. ஆறு வருஷம் முன்னால் டயர்க்கடை ஆட்கள் எல்லோரும் குடும்பத்தோடு சுற்றுலா போன இடத்தில், கடையில் வேலைபார்க்கும் பெயிண்டர் விளையாட்டாக "அண்ணி, வாங்க பாப்போம்" என்று கையை நீட்டினான். அண்ணி போனாள். பெயிண்டரின் புறங்கை மேசையில் பட்ட சத்தம் கேட்டு டீ ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து டயர்க்கடைக்காரன் பயிற்சியாளர் ஆகிவிட்டான். குறை சொல்லக்கூடாது, நன்றாகவே செய்தான். தனக்கு நடந்தது அவளுக்கு நடக்கக்கூடாது என்று, கையைச் சூடேற்றுவதற்கு அவனே ஒரு முறை வகுத்தான். முதலில் உடம்பு லேசாக வேர்க்கும்வரை நடை. பிறகு தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று ஒவ்வொன்றாகச் சுழற்றல். கடைசியில் மேசையில் பத்து இழுப்பு. மூன்று சும்மா, நாலு பாதி பலத்தில், மூன்று முக்கால் பலத்தில். கை கொடுக்கிறவன் கொஞ்சம் எதிர்த்துவிட்டு விழுந்துவிட வேண்டும். ஜெயிக்கிற நினைப்பே அவனுக்கு வரக்கூடாது, அதுதான் சட்டம். கை கொடுக்கிறவன் எப்போதும் இவன்தான்.

எந்தப் போட்டியானாலும் அவள் கை வெதுவெதுவென்று மேசைக்கு வரும். ஆறு வருஷத்தில் ஒரு சுளுக்குக்கூட இல்லை. "எல்லாம் நம்ம சூடு" என்று கடையில் மார்தட்டிக்கொள்வான். அவள் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவாள்.

ஒன்றை மட்டும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்ச மாதங்களாகவே அந்தக் கடைசி மூன்று இழுப்பில் அவன் விழுவது, தானாக விழுவதில்லை. அவள் முக்கால் பலத்துக்கு இவனுடைய முழுப் பலமும் போதவில்லை. இதை அவன் தனக்கே சரியாகச் சொல்லிக்கொள்ளவில்லை. நாம்தான் விட்டுக்கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே தினமும் விழுந்துகொண்டிருந்தான்.

அந்த வருஷப் போட்டி சாதாரணப் போட்டி இல்லை. துறைமுக நிறுவனம் தன் விளையாட்டு அணிக்கு ஆள் எடுத்தது. ஒவ்வொரு எடைப் பிரிவிலும் முதலிடம் வருகிற ஒருவருக்கு நிரந்தர வேலை, அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கவேண்டும். அவளுக்கு அடுத்த மாதம் முப்பத்தைந்து முடிகிறது. விட்டால் இனி எந்த வருஷமும் கிடையாது. இடுப்புவலிக்கு இரண்டு பட்டை கட்டிக்கொண்டு மாவுத்தொட்டிக்குள் குனிகிறவளுக்கு ஒரு நாற்காலி என்றால் என்னவென்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. போட்டிக்கு முதல்நாள் சாயங்காலம், "எனக்கு இது வேணுங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

அவள் எதையும் கேட்டு அவன் பார்த்ததில்லை. "கிடைக்கும் பாரு" என்றான். மனதாரத்தான் சொன்னான்.

மறுநாள் மதியத்துக்குள் இறுதிப்போட்டிக்கு வந்துவிட்டாள். எதிரில் ஒரு பல் டாக்டரம்மா. அந்த வருஷத்திலேயே இரண்டு தடவை அந்த அம்மாவை இவள் சாய்த்திருக்கிறாள். காலைச் சுற்றுகள் முடிந்து இரண்டு மணிநேரம் இடைவெளி விட்டதால் கை ஆறிப்போயிருந்தது. அரங்குக்குப் பின்னால் இருந்த அறைக்கு இருவரும் போனார்கள். வலி மருந்து வாடை, சுருட்டி வைத்த வலைகள், ஒரு கால் ஆடுகிற பழைய பயிற்சி மேசை. நடந்தாள், சுழற்றினாள், மேசைக்கு வந்தாள். இறுதிப்போட்டிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிஷம்.

அந்த நேரம் பார்த்துத்தானா கடை வெல்டரும் பெயிண்டரும் கதவைத் தள்ளிக்கொண்டு வரவேண்டும்! பின்னாலேயே கடை ஆட்கள் இன்னும் இரண்டு பேர். அண்ணிக்குக் கை தட்ட என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள், தட்டியிருந்தால் யார் வேண்டாமென்றது? சுவரோரம் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்கள். முதல் ஏழு இழுப்பும் வழக்கம்போல் போயின. எட்டாவதில் டயர்க்கடைக்காரன் விழுந்தான். ஒன்பதாவதிலும் விழுந்தான்.

"மச்சான், ஒரு சந்தேகம்டா" என்றான் வெல்டர். "நீ விட்டுக் குடுக்குறியா, இல்ல நெசமாவே விழுறியா?"

பெயிண்டர் சிரித்தான். "டேய், பாவம்டா. வீட்ல சோறு போடமாட்டாங்க."

"துறைமுக வேலை வேற வந்துருச்சுன்னா அவ்வளவுதான். இவன் பேரே மாறிப்போயிரும். மேடம் வீட்டுக்காரர்னுதான் கூப்பிடணும்."

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்களேன்" என்றாள் அவள், அவர்களைப் பார்க்காமலே. பிறகு கணவனிடம், "கடைசி ஒண்ணு. முடிச்சிரலாம்" என்று கையை வைத்தாள்.

பத்தாவது இழுப்பு. அவன் விழவில்லை.

எங்கிருந்துதான் வந்ததோ அந்த ரோஷம். மேசைக் கம்பியை இடக்கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தோளை முன்னால் தள்ளி, உடம்பு மொத்தத்தையும் அந்தக் கையில் இறக்கினான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ தவறுதல் என்று நினைத்திருப்பாள். "விடுங்க" என்றாள் மெதுவாக. கேட்கவில்லை என்று பிறகு சாதித்தான். கேட்டது. தெளிவாகக் கேட்டது. இன்னொரு தடவையும் "விடுங்க, நேரமாச்சு" என்றாள், அதுவும் கேட்டது.

இரண்டு கையும் நடுமேசையில் அப்படியே நின்றன. சுவரோரம் இருந்தவர்கள் விசிலடித்தார்கள். "விடாதடா! விடாதடா!" அவன் நெற்றி நரம்பு புடைத்தது. அவள் முன்கை கல்லாக இறுகி, மணிக்கட்டுக்குக் கீழே தோல் பளபளத்தது. இருபது நொடி, முப்பது நொடி. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது நொடி இருக்கும், அதற்குமேல் அவள் கை மெல்ல மெல்லச் சரிந்து, புறங்கை மேசையில் தொட்டது.

டயர்க்கடைக்காரன் கையைத் தலைக்குமேல் தூக்கினான். ஆமாம், தூக்கினான்! கட்டின பெண்டாட்டி, இன்னும் சில நிமிஷத்தில் வாழ்க்கைக்கான போட்டி, இந்த மனுஷன் சூடேற்றுகிற மேசையில் ஜெயித்துவிட்டு முஷ்டியை உயர்த்திக்காட்டினான். நண்பர்கள் அவனைத் தோளில் தட்டிக் கட்டிப்பிடித்தார்கள். அவள் வலக்கையை இடக்கையால் தாங்கிக்கொண்டு, தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை. பாட்டிலை அப்படியே வைத்துவிட்டு மேடைக்குப் போனாள்.

இறுதிப்போட்டி நாலு நொடியில் முடிந்தது. நடுவர் கையை எடுத்ததும் பல் டாக்டரம்மா இழுத்தாள், இவள் பிடி திறந்துகொண்டது, அவ்வளவுதான். ஜெயித்த டாக்டரம்மாவுக்கே நம்பமுடியவில்லை, "கைல ஏதாவது அடிபட்டுச்சா?" என்று விசாரித்தாள். "ஒண்ணுமில்ல மேடம், நீங்க நல்லா இழுத்தீங்க" என்றாள் இவள்.

இதில் வயிறெரிகிற விஷயம் இன்னொன்று உண்டு. துறைமுக அதிகாரி படிவத்தை நீட்டியபோது டாக்டரம்மா கூச்சத்தோடு சிரித்தாள். "ஐயோ, எனக்கு வேலை வேண்டாம் சார். கிளினிக்கை யார் பாக்குறது? நான் சும்மா ஆசைக்கு வந்தேன்." இரண்டாவது வந்தவருக்குக் கொடுக்கலாமே என்று டாக்டரம்மாவே கேட்டும் பார்த்தாள். விதியில் இடமில்லை என்று சொல்லி அதிகாரி படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த நாற்காலி யாருக்கும் இல்லாமல் போனது.

பஸ்ஸில் டயர்க்கடைக்காரன் வாய் ஓயவில்லை. நடுவர் அவசரப்பட்டுவிட்டார் என்றான். மதியம் சாப்பிட்டது சரியில்லை என்றான். இடைவெளி நீண்டுபோனதில் கை அடியோடு ஆறிப்போயிருக்கும், இன்னும் அஞ்சு இழுப்பு சேர்த்துக் கொடுத்திருக்கவேண்டும் என்றுகூடச் சொன்னான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து, இடக்கையாலேயே அரிசி களைந்து உலையில் போட்டாள். அவன் அடுக்களை வாசலில் வந்து நின்றான். உள்ளே போகவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

"என்ன பண்றது, ஒரு வேகத்துல நடந்துபோச்சு" என்றான். "நீயாவது சட்டுனு விழுந்து தொலைச்சிருக்கலாம்ல? எதுக்கு அவ்வளவு நேரம் மல்லுக்கு நின்ன?"

அவள் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"சட்டுனு விட்டா உங்க வெயிட்டு மொத்தமும் முறுக்கிக்கிட்டு இறங்கும். எலும்பு போயிரும். அதை எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்."

"அப்போ..."

"ஒரே இழுப்புல உங்களைக் கவுத்திருக்கலாம். கவுத்திருந்தா கைல இருந்த சூடும் போயிருக்காது, பலமும் போயிருக்காது. ஆனா உங்க சிநேகிதங்க நாலு பேர் நின்னாங்க. அவங்க எதிர்ல உங்களை எப்படிக் கவுக்குறது? விடுவீங்க, இப்ப விடுவீங்கன்னு பிடிச்சிட்டே நின்னேன். நீங்க விடல. பிறகு நானே மெதுவா இறக்கிட்டேன்."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனும் பதிலுக்குக் கத்தியிருப்பான், கத்தினால் மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும். இத்தனை நாளும் யார் யாருக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் அவனுக்கு முழுசாக உறைத்தது. அவமானமாக இருந்தது. அவள் தட்டை எடுத்து அவனுக்குச் சோறு போட்டாள்.

மறுநாள் அவள் மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு வழக்கம்போல் பேக்கரிக்குப் போய்விட்டாள். அவன் கடைக்குப் போனான். வெல்டர் நேற்றைய கதையை அதற்குள் கடை பூராவும் பரப்பியிருந்தான். பக்கத்துப் பட்டறை ஆட்கள்கூட வந்திருந்தார்கள். "வாடா சாம்பியன்!" என்று யாரோ டீயை நீட்டினார்கள். அண்ணி தோற்றுவிட்டாளாமே என்று ஒருவன்கூடக் கேட்கவில்லை.

"அந்தக் கடைசி இழுப்பை நீயே சொல்லுடா, இவனுங்க நம்பமாட்டேங்குறானுங்க" என்றான் வெல்டர்.

டயர்க்கடைக்காரன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவள் அடுக்களையில் சொன்னது அத்தனையும் வார்த்தை பிசகாமல் நினைவில் இருந்தது. நானா ஜெயிச்சேன், போங்கடா என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாப்பது செகண்ட் இருக்கும்" என்று ஆரம்பித்தான். "அவளும் லேசுப்பட்டவ இல்ல. ஆனா நான் விடல."