வலப்பக்கம் ஓடிய வெட்டு

வியாழக்கிழமை காலை முதல் பலகையிலேயே வெட்டு கோணலாகப் போனது.

தொடக்கத்தில் பட்டையின் தடிமன் ஆறு மில்லிமீட்டர். முடிவில் ஒன்பது. ஒரு முழத்துக்குள் மூன்று மில்லி வலப்பக்கம் ஓடியிருந்தது.

கிள்ளான் மேரு தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் எங்கள் பட்டறை. ஆறு பேர் வேலை செய்கிறோம். அடுக்குமாடி வீடுகளுக்குச் சாமி மேடை செய்கிறோம், சுவரில் மாட்டுகிற அளவில். முதலாளி கமலநாதன். மரம் வெட்டுவது நான், எட்டு வருடமாக. மேடையின் முதுகில் பின்னலாக வரும் மெல்லிய பட்டைகள் எல்லாம் என் கையில்தான் பிறக்கின்றன. ஒரு பட்டை தடித்தால் அடுத்தது உட்காராது.

என் மெஷின் சின்ன பேண்ட் சா. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி வளையமாக ஓடும் பிளேடு. இவ்வளவு சின்னதில் நேராக வெட்ட முடியாது என்று விற்ற கடைக்காரனே சொன்னானாம். நான் வெட்டவைத்தேன். அதற்கு நான்கு மாதம் ஆனது.

வெட்டு ஓடினால் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். பிளேடின் இறுக்கத்தைத் தளர்த்தி மறுபடி முறுக்கினேன். பிளேடை ஆடாமல் தாங்கும் பேரிங்குக்கும் பிளேடுக்கும் நடுவில் காகிதம் விட்டு இடைவெளி பார்த்தேன். பலகையை ஒட்டித் தள்ளும் இரும்புச் சட்டத்துக்கு மூலைமட்டம் வைத்தேன். எல்லாம் புதன்கிழமை நான் விட்டுப்போனபடியே இருந்தன. அடுத்த பலகையும் ஓடியது. ஓடுகிற பக்கத்துக்கே சட்டத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தேன். இரண்டு முனையும் சரியாக வந்தன. நடுவில் தொப்பை விழுந்தது.

மதியத்துக்குள் பதினொரு பலகை வீண். நல்ல நியாத்தோ மரம்.

கமலநாதன் வந்தார். ஒரு பட்டையை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். உன் கை இழுக்கிறது என்றார். நாற்பத்தாறு வயதாகிவிட்டதே என்றார். பிளேடு சரியில்லை என்றேன். போட்டு இரண்டு வாரம்தான் ஆகிறது, ஒரு பிளேடு மூன்று மாதம் வர வேண்டும் என்றார். புதிய பிளேடுகள் ஆபீஸ் டிராயரில் இருக்கின்றன. சாவி அவர் இடுப்பில். அவர் கை சாவிப் பக்கம் போகவில்லை.

வெள்ளிக்கிழமையும் ஓடியது. சாயங்காலம் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்துச் சொன்னார். ஆணி அடிக்கிற கிஷன் திங்கள் முதல் மெஷினில். நான் பாலிஷ் அறைக்கு.

"பாவம், புஷ்பா களைச்சுப் போயிட்டா. கொஞ்ச நாள் உக்காந்து வேலை செய்யட்டும் லா."

அன்பாகத்தான் சொன்னார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பாலிஷ் அறைக்கு ஜன்னல் கிடையாது. முதல் மூன்று வருடம் நான் அங்கேதான் இருந்தேன். தின்னர் வாடை பழகிவிடும் என்றார்கள். பழகியது. நெஞ்சு பழகவில்லை. மூன்றாம் வருடம் வீட்டுக்கு இரண்டு மாடி ஏற முடியாமல் படியில் உட்கார்ந்தேன். கிள்ளான் கிளினிக் டாக்டர் வாயில் அடித்துக்கொள்ளும் மருந்தைக் கொடுத்து, அந்த அறைக்குள் இனிக் கால் வைக்காதே என்றார். கமலநாதனுக்கு இது தெரியும். அன்று என்னை கிளினிக்குக் காரில் கொண்டுபோனவர் அவர்தான்.

இப்போது அந்த அறையில் பவுனம்மாள் இருக்கிறாள். அவர் பேசியபோது என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை யாரும் வருமுன் ஏழு மணிக்குப் போனேன். பிளேடைக் கழற்றினேன். பேண்ட் சா பற்கள் ஒன்று இடது பக்கம் சாய்ந்திருக்கும், அடுத்தது வலது பக்கம். பழைய துணி ஒன்றை வலது பக்கமாக வைத்து இழுத்தேன். ஒவ்வொரு பல்லும் துணியைக் கவ்வியது. இடது பக்கம் இழுத்தேன். துணி வழுக்கிக்கொண்டு வந்தது.

இடது பற்கள் அத்தனையும் மழுங்கியிருந்தன. கூர் இருக்கிற பக்கம்தானே வெட்டு ஓடும். மரம் இப்படி ஒரு பக்கத்தை மட்டும் தேய்க்காது. இரும்பு தேய்க்கும்.

கீழ்ச் சக்கரத்தின் மூடியைத் திறந்தேன். மரத்தூளை வாரி வெளியே போட்டேன். மேலே இருந்தது காய்ந்த தூள். அடியில் இருந்தது ஈரம். கட்டி கட்டியாக, சிவப்பாக, புளித்த வாடையோடு. அதற்குள் பூசணி விதைகள். விதைகளோடு ஓர் இருபது சென் காசு. ஓரத்தில் பிளேடு கீறிய பள்ளம்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் ஆயுத பூஜை. அந்த நேரம் நானும் பவுனம்மாளும் பின்பக்கம் கொண்டைக்கடலை தாளித்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். மெஷினை எட்டு வருடமாகத் தொடுகிறவள் நான். அதற்குச் சந்தனம் வைப்பவர் கமலநாதன்.

எட்டு மணிக்குக் கிஷன் வந்தான். முப்பது வயது, பேச்சில் வாய் நீளம். பூஜையில் மெஷினை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். தெரியாது என்றான். காசைக் காட்டினேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து நடந்ததைச் சொன்னான்.

போன வருடம் திருஷ்டிப் பூசணியை ரோட்டில் உடைத்தார்கள். எதிர் டயர் கடைப் பையன் ஒருவன் மோட்டாரில் அதில் வழுக்கி விழுந்து பெரிய சண்டையாகிவிட்டது. அதனால் இந்த வருடம் கமலநாதனுக்கு ஒரு யோசனை. மெஷினுக்குத்தானே திருஷ்டி, மெஷினே வெட்டட்டும் என்றாராம். வழக்கப்படி பூசணியில் துளை போட்டு, குங்குமத்தையும் ஒரு பிடிக் காசையும் உள்ளே போட்டு, கற்பூரம் சுற்றி, பிளேடில் கொடுத்திருக்கிறார்.

கிஷனிடம் வீடியோ இருந்தது. எடுத்ததே அவன்தான். பட்டறையின் பேஸ்புக் பக்கத்திலும் போட்டிருந்தார்கள். மெஷினுக்கு மாலை. கமலநாதன் சட்டையில்லாமல், பட்டையாக விபூதியோடு. பூசணி பிளேடுக்குள் போகிறது. சிவப்புத் தண்ணீர் வழிகிறது. பிறகு பல் கூசும்படி ஒரு சத்தம். எல்லோரும் ஓரடி பின்னால் போகிறார்கள். பிறகு கை தட்டுகிறார்கள்.

நான்கு தடவை பார்த்தேன்.

"இந்தச் சத்தம் உனக்குக் கேக்கலயா?"

"சாமி சத்தம்னு நினைச்சேன்க்கா" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு இந்த மெஷினே வேணாம்க்கா. நான் கேக்கல" என்றான்.

கமலநாதன் ஒன்பது மணிக்கு வந்தார். பிளேடையும் காசையும் மேசையில் வைத்துச் சொன்னேன். அவர் பிளேடைப் பார்க்கவில்லை.

"பூஜையைக் குறை சொல்லாத புஷ்பா."

"பூஜையைச் சொல்லலண்ணே. காசைச் சொல்றேன்."

"அரை செகண்ட்தான் பட்டுச்சு. அதுல பிளேடு போயிடுமா?"

"நீங்க தள்ளுங்க."

அந்தப் பிளேடையே திரும்ப மாட்டிக் கொடுத்தேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டார். ஒரு காலத்தில் சுங்கை வே என்ற ஊரில் தச்சு வேலை செய்தவர். கை மறக்கவில்லை. நிதானமாகத்தான் தள்ளினார். வெட்டு வலப்பக்கம் ஓடியது. மரம் ஈரம் என்றார். வேறு பலகை கொடுத்தேன். ஓடியது. மூன்றாவதை அவரே போய்த் தேர்ந்தெடுத்து வந்தார். அதுவும் ஓடியது.

எல்லோரும் வந்து நின்றிருந்தார்கள்.

"பாஸுக்கும் கை இழுக்குது போல" என்றான் கிஷன்.

பவுனம்மாள் மட்டும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

கமலநாதன் ஆபீசுக்குப் போய்ப் புதுப் பிளேடை எடுத்துவந்து மேசையில் போட்டார். மாட்டி, இறுக்கி, பேரிங்குகளைச் சரிபார்க்க எனக்கு இருபது நிமிடம் ஆனது. அவர் போகாமல் பக்கத்திலேயே நின்றார். பலகையைத் தள்ளினேன். காலிப்பர் வைத்துப் பார்த்தேன். தொடக்கத்தில் ஆறு, நடுவில் ஆறு, முடிவில் ஆறு.

பட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாத்தியா, நிதானமா தள்ளினா வருது. சரி, மண்டேல இருந்து நீயே பாரு."

எனக்கு வேண்டியிருந்தது அதுதான். மெஷின் என்னிடமே இருக்கும். பாலிஷ் அறை இல்லை. ஆனால் காது இரண்டும் எரிந்தன. நிதானமாம். இதை இப்படியே விட்டால் அடுத்த கோணலுக்கும் என் கைதான் காரணம். அடுத்த தடவை அந்த அறைக்குப் போகச் சொல்ல அவருக்குக் கூட்டம்கூடத் தேவைப்படாது.

சுவிட்சை அணைத்தேன். பிளக்கையும் பிடுங்கினேன்.

"என் கையில தப்பு இல்லன்னு சொல்லுங்க."

"அதான் நீயே பாருன்னு சொல்லிட்டேனே லா."

"அது வேற."

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்காரர்கள் மூன்று மணிக்கு மேடையை எடுக்க வருகிறார்கள், இன்னும் இரண்டு பின்னல் பாக்கி என்றார். தெரியும் என்றேன். என்னைப் பார்த்தார். மற்றவர்களைப் பார்த்தார். வெளியே போய்க் காரில் உட்கார்ந்து, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு போனை நோண்டினார்.

யாரும் வேலைக்குத் திரும்பவில்லை. நான் போகச் சொல்லவுமில்லை. பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

பத்து நிமிடம் கழித்து உள்ளே வந்தார். என் காலடியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். தப்பு என் கையில் இல்லையாம்.

"நேத்து எல்லாருக்கும்தானே சொன்னீங்க" என்றேன்.

கழுத்துச் சிவந்துவிட்டது அவருக்கு. அடித்துவிடுவாரோ என்று ஒரு கணம் தோன்றியது. அடிக்கட்டும் என்று நின்றேன். அவர் திரும்பி அவர்கள் பக்கம் பார்த்தார்.

"புஷ்பா கையில தப்பு இல்ல. நான்தான் காசோட வெட்டிட்டேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பாலிஷ் அறை வாசலில் நின்ற பவுனம்மாள் தலையாட்டினாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, கூட ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டேன்.