ஒன்பதரைச் சிங்க இறால்

இனி எழுதப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நல்லூர்க் கந்தன் மேலும், பெல்லெக்ரீனோ மலையில் இருக்கும் சாந்தா ரொசாலியா மேலும் சேர்த்துச் சத்தியம் செய்கிறேன். ஒருவர் வேறு அலுவலாக இருந்தாலும் மற்றவர் கவனித்துக்கொள்வார். சின்யோரா பேசிய இத்தாலியனை எங்களுடைய தமிழில் தருகிறேன். நான் செய்த மாற்றம் அது ஒன்றுதான்.

1996ஆம் ஆண்டு, பலேர்மோ நகரம். வியா லிபெர்த்தாவில் ஒரு பழைய மாளிகைக்கு நான் படிக்கட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடியில் சின்யோரா ஓர்தென்சியாவின் வீடு. அங்கே சமையல் வேலை குகனேஸ்வரிக்கு. கொக்குவில்காரி, முப்பத்தைந்து வயது, என்னை அண்ணை என்று கூப்பிடுவாள். அவளுடைய ஒரே மகள் ஆரணி ஒன்பது வயதில் கொழும்பில் சித்தியுடன் இருந்தாள். பிள்ளையை இங்கே எடுப்பதென்றால் குவெஸ்துரா என்ற பொலிஸ் கந்தோரில் வீட்டுக் கடதாசி காட்டவேண்டும். குகனேஸ்வரியோ ஐந்து பெண்கள் இருந்த அறையில் ஆறாவதாகப் படுத்தாள். சீசா என்ற பகுதியில் சின்யோராவுக்குச் சொந்தமான இரண்டு அறை வீடொன்று சும்மா பூட்டிக் கிடந்தது. அந்தப் பூட்டைப் பார்ப்பதற்காகவே அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் எடுத்துப் போய் வருவாள்.

சின்யோராவுக்கும் ஒரு துயரம் இருந்தது. அதன் பெயர் டோன்னா அசுந்தா, மாமியார். ஒவ்வொரு பெரிய வெள்ளியும் மாமியாரும் சொந்தக்காரரும் சின்யோரா வீட்டில் இராச்சாப்பாட்டுக்கு வருவார்கள். அன்று இறைச்சி கூடாது என்பதால் சிங்க இறால். இரண்டு வருடத்துக்கு முன்னர் இறால் குறைந்துவிட்டது. மருமகள் கஞ்சப்பிசினி என்று ஊரெல்லாம் கதை. அடுத்த வருடம் சின்யோரா அள்ளி வாங்கினாள், பாதி மிஞ்சியது. மகனுடைய சொத்தைக் குப்பையில் கொட்டுகிறாள் என்று முந்தின கதையைவிடத் தூரம் போன கதை.

“கூகா,” என்றாள் சின்யோரா. குகனேஸ்வரி என்ற பெயர் அவளுடைய வாயில் அப்படித்தான் வந்தது. “இந்த முறை ஒரு துண்டு குறையவும் கூடாது, ஒரு துண்டு மிஞ்சவும் கூடாது. அதைச் செய்து காட்டினால் சீசா வீட்டை உன்ரை பேரிலை எழுதித் தாறன். இல்லையெண்டால் அந்தக் கதையை விட்டிடு.”

“எத்தினை பேர், சின்யோரா?”

“பன்னிரண்டு.”

“ஆக்களைப் பாக்கவேணும்.”

குருத்தோலை ஞாயிறன்று நானும் அவளும் கோயில் வாசலுக்கு எதிரே நின்றோம். பூசை முடிந்து அந்தப் பன்னிரண்டு பேரும் ஓலையும் கையுமாக வெளியே வந்தார்கள். குகனேஸ்வரி ஒருவரையும் முகத்தில் பார்க்கவில்லை.

“அந்த வக்கீல் அவோகாட்டோவுக்கு முக்கால் இறால், அண்ணை. பெல்ட்டிலை புதுசா உள்ளுக்கு ஓட்டை போட்டிருக்கிறார். டொக்குத்தர் வெருட்டியிருக்கு.”

“பக்கத்திலை மனுசி?”

“ஒண்டேகால். ‘வேண்டாம், வேண்டாம்’ எண்டு சொல்லிச் சொல்லித் தின்னுற வாய்.”

“அந்த மெலிஞ்ச பெடியன்?”

“பெட்டை ஒண்டு இவனை விட்டிட்டுப் போயிருக்குது. கால். பாணைத்தான் பிச்சுக்கொண்டிருப்பான்.”

“டோன்னா அசுந்தா?”

குகனேஸ்வரி கொஞ்சம் யோசித்தாள். “அரைதான் சாப்பிடுவா. மற்ற ஆக்களின்ரை சாப்பாட்டுக் கோப்பையைப் பாக்கிறதிலையே அவவுக்குப் பாதி வயிறு நிறைஞ்சிடும்.”

முப்பது வருடம் கலியாண வீடுகளில் சாப்பிட்டவன் நான். பந்திக்கு ஆள் எண்ணுபவர்களைக் கண்டிருக்கிறேன். வயிற்றை வீதியிலேயே வைத்து அளந்தவளை அன்றுதான் கண்டேன். கூட்டிப் பார்த்தால் சரியாக ஒன்பது வந்தது.

“ஒன்பதரை வாங்குவம்,” என்றாள்.

“அரை ஆருக்கு?”

“வாற ஆளுக்கு.”

இதை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. உலையில் அரிசி போடும்போது வீட்டில் உள்ளவர்களை எண்ணி, அதற்கு மேல் ஒரு பிடி, சொல்லாமல் கொள்ளாமல் வருகிற ஆளுக்கென்று போடுவோம். சின்யோராவுக்கு அது விளங்கவில்லை.

“என்ரை வீட்டுக்குக் கூப்பிடாத ஆள் வாறேல்லை. ஒன்பது. அரை மிஞ்சினால் உன்ரை வீடும் அதோடை போச்சு.”

பெரிய வியாழன் காலை வுச்சீரியா சந்தைக்குப் போனோம். மீன்கடைக்காரன் தூரி கூவினால் துறைமுகத்தில் கப்பல்கள் தாங்களாகவே கொஞ்சம் விலகி நிற்கும். குகனேஸ்வரி உயிரோடு கிடந்த இறால்களை ஒவ்வொன்றாகக் கையில் தூக்கி, காதோடு வைத்துக் கேட்டாள். “எண்ணூறு கிராம்,” என்றாள் ஒன்றை. தூரி சிரித்துவிட்டுத் தராசில் போட்டான். எண்ணூறு. அடுத்ததும் எண்ணூறு. ஐந்தாவது எழுநூற்றுத் தொண்ணூறு காட்டியது. தூரி அதைக் கையில் எடுத்துப் பார்த்தான், குகனேஸ்வரியைப் பார்த்தான், பிறகு திருப்புளி எடுத்துத் தராசைத் திருத்தினான். அன்றிலிருந்து வுச்சீரியாவில் நிறுவை சரி.

ஒன்பது எடுத்தாயிற்று. நான் கூடையை மூடப் போனேன்.

“பொறுங்கோ அண்ணை.” நானூறு கிராமில் ஒரு சின்னனைத் தூக்கினாள்.

“எடி பிள்ளை, விசரே உனக்கு? உன்ரை பெட்டையின்ரை முகத்தை நினைச்சுப் பார்!”

“அவளின்ரை முகத்தைத்தான் நினைக்கிறன். ஆனால் கை விடுகுதில்லை, அண்ணை.” மூன்று முறை கீழே வைத்தாள். மூன்று முறையும் கை தானாகத் திரும்பி எடுத்தது. என் கண்ணால் கண்டேன். கடைசியில் அதை செலரிக் கட்டுக்குக் கீழே ஒளித்தாள்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் கூடை திறந்துகொண்டது. இறால்கள் இறங்கி, ஆளை ஆள் முந்தாமல், ஒரே வரிசையில் நடுவழியால் நடந்தன. டிக்கெட் பரிசோதகர் ஏறி, “இந்தப் பத்துக்கும் டிக்கெட் எங்கை?” என்றார். குகனேஸ்வரி அசையவில்லை. “ஒரு மீற்றருக்குக் குறைஞ்ச ஆக்களுக்கு டிக்கெட் இல்லைத்தானே?” என்றாள். அவர் நாடாவை எடுத்து அளந்தார். ஒரு மீற்றர் ஒன்றும் இல்லை. மன்னிப்புக் கேட்டார். எங்கள் தரிப்பிடம் வந்ததும் முன்னால் நின்ற இறால் மணியை அடித்தது. எது அடித்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. முன்னால் நின்றது இரண்டாவதாகவும் இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை வந்தது. குகனேஸ்வரிக்கும் எனக்கும் வெள்ளி சைவம். பார்க்கப்போனால், வாழ்க்கையையே தீர்மானிக்கப்போகிற சமையலை அவள் நாக்கில் வைக்காமல் செய்தாள். சட்டி மூடியைத் தூக்கி ஆவி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாள். “உப்புக் காணாது,” என்று ஒரு சிட்டிகை போட்டாள். ஆவி நிமிர்ந்தது.

அன்று எனக்கு ஓர் இரவல் கறுப்புக் கோட்டுப் போட்டு, தண்ணீர் ஊற்ற நிறுத்தியிருந்தார்கள். சமையலறையில் அந்தச் சின்ன இறாலைப் பார்த்தேன். வெந்து, சிவந்து, தனியே கிடந்தது.

“அதை வெளியிலை கொண்டு போகாதை, பிள்ளை. தா, நான் இப்பவே திண்டு முடிக்கிறன்.”

“அண்ணை, இண்டைக்கு வெள்ளிக்கிழமை.”

ஜன்னலால் எறிவோம் என்றேன். சாப்பாட்டை எறிகிற ஆளா நீங்கள் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தாள். “வாற ஆளுக்கு வைச்சதை ஒளிக்கக்கூடாது,” என்று தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

சாப்பாடு தொடங்கியது. அவோகாட்டோ முக்காலில் பெருமூச்சு விட்டு நிறுத்தினார். அவருடைய மனைவி “வேண்டாம், வேண்டாம்,” என்று ஒன்றேகாலை முடித்தாள். மெலிந்த பெடியன் காலைத் தின்றுவிட்டுப் பாணைப் பிய்த்தான். வயிறுகள் எல்லாம் குகனேஸ்வரியிடம் முன்கூட்டியே கையெழுத்து வைத்துக் கொடுத்தவைபோல நடந்துகொண்டன. கடைசியில் பெரிய தட்டில் எலுமிச்சம் துண்டுகளும் அந்தச் சின்ன இறாலும் மட்டும் இருந்தன.

டோன்னா அசுந்தா மூக்குக்கண்ணாடியைத் தூக்கினாள்.

“இது ஆருக்கு?”

சின்யோராவின் முகத்தில் இரத்தம் இல்லை. “கூகா! ஆருக்கு?”

“வாற ஆளுக்கு, சின்யோரா.”

“ஆர் வாறது?”

“தெரியாது. வாற ஆள்.”

டோன்னா அசுந்தா நாளைக்கு ஊருக்குச் சொல்லவேண்டிய முதல் வசனத்துக்கு வாயைத் திறந்தாள். அந்த நேரம் வாசல் மணி அடித்தது.

நான் போய்த் திறந்தேன். மழையில் தோய்ந்துபோய் ஒரு கிழவர். டோன்னா அசுந்தாவின் கூடப்பிறந்த தம்பி. எல்லையில் நின்ற ஒரு தேசிக்காய் மரத்துக்காகப் பத்தொன்பது வருடம் இருவரும் கதைக்கவில்லை. பெரிய வெள்ளி ஊர்வலம் பார்க்கக் கத்தானியாவிலிருந்து வந்தாராம், மழை பிடித்துக்கொண்டதாம், தெரிந்த வாசல் இது ஒன்றுதானாம்.

குகனேஸ்வரி ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். கோப்பை வைத்தாள். சின்ன இறாலை வைத்தாள்.

“என்னாலை முழுசு சாப்பிட ஏலாது, மகளே,” என்றார் கிழவர். “போன வருசம் ஒபரேசன் செய்து வயித்திலை அரைவாசியை வெட்டி எடுத்துப்போட்டினம்.”

“தெரியும், ஐயா. அதுதான் அரை.”

அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. சில விசயங்களைக் கேட்டால் மரியாதை கெட்டுவிடும்.

கிழவர் ஓட்டைத் துடைத்ததுபோல் சாப்பிட்டார். டோன்னா அசுந்தா எழுந்து மேசையைச் சுற்றி வந்தாள். தம்பிக்கு அடிக்கப்போகிறாள் என்று தண்ணீர்ச் சாடியைத் தயாராகப் பிடித்தேன். அவள் தன் துவாயால் அவருடைய தலையைத் துவட்டினாள். பிறகு, “ஓர்தென்சியா,” என்றாள், “இண்டைக்குத்தான் இந்த வீட்டிலை சரியாச் சாப்பாடு போட்டிருக்கிறியள்.” கலியாணம் கட்டி இருபது வருடத்தில் சின்யோரா கேட்ட முதல் நல்ல வார்த்தை.

சின்யோரா சமையலறைக்குள் வந்தாள். சீசா வீட்டுத் திறப்பை மேசையில் வைத்தாள். சனிக்கிழமை காலை கடதாசியில் கையெழுத்து வைத்தாள். குகனேஸ்வரி அன்றுதான் அழுதாள், அதுவும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் கணக்கில் சேர்க்க முடியாது.

செப்டெம்பரில் ஆரணி வந்து இறங்கினாள். அன்று சீசா வீட்டுப் படியேறிப் போனேன். கதவு திறந்திருந்தது. தாயும் மகளும் மட்டும் இருக்கிற வீட்டில், மேசையில் மூன்று கோப்பைகள்.

“மூண்டாவது ஆருக்கு, அம்மா?” என்று பிள்ளை கேட்டது.

“உந்தா, வாசலிலை நிக்கிறார்,” என்றாள் குகனேஸ்வரி, திரும்பிப் பாராமலே.

இப்படி ஒரு பெண்ணை நான் பலேர்மோவிலும் காணவில்லை, யாழ்ப்பாணத்திலும் காணவில்லை.