செவ்வாய்க்கிழமை ஓய்வு

நான் காரைக்குடியில் கட்டட வேலைக்குச் செங்கல் சுமக்கிறவன். என் மகள் ஈஸ்வரி போலீஸ் தேர்வுக்காக ஓடிப் பழகியதில் இடது குதிகாலில் வலி கண்டது. ஓடுகிறவர்களின் குதிகாலுக்கு ஷூவுக்குள் வைக்கும் குஷனை 3டி பிரிண்டரில் அச்சடித்துச் சோதித்துக்கொண்டிருந்த பொறியாளர் விசாலி, அவளையும் சோதனையில் சேர்த்துக்கொண்டார். தேன்கூடு மாதிரித் துளைத்துளையாக இருந்தது அந்தக் குஷன்.

"ஆறு வாரம் வெளிய கால் வச்சா இந்த ஷூதான். ஓடுன தூரம், மறுநாள் காலையில வலி பத்துக்கு எத்தனை, ரெண்டையும் தினமும் எழுதிருங்கண்ணே" என்று நோட்டை என்னிடம் தந்தார். நாற்பது வயதுக்கு மேல் எழுதப் படித்தவன் நான். பெருமை தாங்கவில்லை.

ஆனால் அதற்கு முன்பே வேண்டிக்கொண்டிருந்தேன். தேர்வில் ஜெயித்துவிட வேண்டும், அதற்கு மகள் ஆறு செவ்வாய் வெறுங்காலில் குன்றக்குடி முருகன் கோயிலுக்கு நடந்து வருவாள் என்று.

"வேண்டுதல் உங்களது, காலு மட்டும் எனதா? நீங்க நடங்கப்பா" என்றாள் ஈஸ்வரி.

"சாமிகிட்ட ஆளை மாத்த முடியுமாத்தா?"

முனகிக்கொண்டே நடந்தாள். தார் ரோட்டில் பத்து கிலோமீட்டர். செவ்வாய்தோறும் நோட்டில் 'ஓய்வு' என்று எழுதினேன். ஓடவில்லைதானே. சாமி காரியத்தை ஷூ நோட்டில் எதற்குச் சேர்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

நான்காவது வாரம் விசாலி நோட்டைப் புரட்டினார். "ஒழுங்கா எழுதிட்டு வாரீகண்ணே. ஆனா ஓடுன மறுநாள் வலி ரெண்டு, மூணு. ஓய்வெடுத்த மறுநாள் ஏழு. குஷன் கெட்டியா இருக்கு போல, உடம்பு ஆறும்போது வலி காட்டுது. இன்னும் மெத்துன்னு அடிச்சுத் தாரேன்."

ஈஸ்வரி என்னைப் பார்த்தாள். வெறுங்காலில் நடந்ததைச் சொன்னால் சோதனையிலிருந்து நீக்கிவிடுவாரோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

புதுக் குஷன் ஒரே வாரத்தில் அமுங்கிப்போனது. ஓடும்போது விழும் அடி முழுவதும் எலும்பில் இறங்கியது. தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஸ்கேனில் குதிகால் எலும்பில் விரிசல் என்றார்கள்.

விசாலி வீட்டுக்கே வந்துவிட்டார். "என் டிசைன்தான் தப்பு. மன்னிச்சிரு ஈஸ்வரி" என்று அழுதார். அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. ஐந்து செவ்வாய் வெறுங்காலில் நடந்ததையும் சொன்னேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டில் 'ஓய்வு' என்றிருந்த நாட்களைப் புரட்டிப் பார்த்தார்.

"அப்ப முத குஷன் நல்லாத்தான் இருந்திருக்கு. அதை நானே மாத்திட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே."

தேர்வு போய்விட்டது. எலும்பு கூடிவிட்டது. விசாலி அந்த முதல் குஷனையே மறுபடி அச்சடித்து வேறொரு பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார். வலியே இல்லாமல் ஓடுகிறாளாம். ஈஸ்வரி இதை என்னிடம் சொல்லவில்லை. அடுப்படியில் அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.