அப்பா எழுதிய இரண்டு கடிதங்கள்

மூன்று முறை தோற்ற பிறகு, ஊராட்சித் தலைவர் பதவிக்கு அப்பா நான்காவது முறையாக நின்றார். அடுத்த முறை எங்கள் ஊர் பெண்களுக்கு ஒதுக்கப்படுகிறது. அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. இதை விட்டால் இல்லை.

பள்ளத்தூரில் முப்பது வருடம் சரித்திர வாத்தியாராக இருந்தவர். சகாய ஆண்டனி சார் என்றால் எல்லோருக்கும் ஹென்றி கிளே ஞாபகம் வரும். பாடப்புத்தகத்தில் இல்லாத அந்த அமெரிக்கரை எங்கள் வகுப்புக்கும் அவர்தான் சொன்னார். ஜனாதிபதி தேர்தலில் மூன்று முறை நின்று மூன்றிலும் தோற்றவர் கிளே. வடக்கும் தெற்கும் முறைத்துக்கொண்டபோதெல்லாம் நடுவில் போய்ச் சமாதானம் பேசியவர். கடைசித் தேர்தலில், டெக்சாஸை நாட்டோடு சேர்க்கக் கூடாது என்று கடிதம் எழுதினார். பிறகு, சேர்ந்தாலும் தனக்கு மறுப்பில்லை என்கிற மாதிரி வேறு கடிதம். இரண்டு பக்கமும் சந்தேகப்பட்டது. "இங்கதான்டா விழுந்தாரு" என்று அப்பா மேசையில் சாக்பீஸைத் தட்டுவார்.

எங்கள் ஊர்ச் சண்டை, புதுத் தண்ணீர்த் தொட்டி எந்தத் தெருவில் என்பது. மேலத்தெருக்காரர்கள் கேட்டதும் அங்கேதான் வரும் என்று அப்பா எழுதிக் கொடுத்தார். மறுநாள் கீழத்தெருக்காரர்கள் வந்தார்கள். மேலத்தெருவில்தான் வேண்டும் என்ற பிடிவாதம் தனக்கில்லை என்று அவர்களுக்கும் எழுதிக் கொடுத்தார்.

ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் இரண்டு கடிதங்களும் ஊர் வாட்ஸ்அப் குழுவில் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: "சார் தொட்டிக்குச் சக்கரம் வச்சிருக்காரு. காலையில மேலத்தெரு, சாயங்காலம் கீழத்தெரு."

"அப்பா, டெக்சாஸ்" என்றேன்.

அவர் போனில் தன் கையெழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வெயிலில் வீடு வீடாக விளக்கப் போனார். திரும்பும்போது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.

பதினான்கு ஓட்டில் தோற்றார். அதற்குப் பிறகு சுவரைப் பார்த்துப் படுத்தவர், அம்மா வைத்த சோற்றைத் தொட்டுவிட்டு நகர்த்தினார்.

ஜெயித்த பாண்டிமுருகன் பதவியேற்ற மறுநாளே தொட்டிக்கு இடம் அளக்கப் போனார். ஒரு மணி நேரத்தில் அவருடைய ஆள் இருளாண்டி எங்கள் வாசலில் நின்றார்.

"சார் இருக்காகளா? ரெண்டு தெருவும் கம்போட நிக்கிறாக. தலைவரே அனுப்புனாரு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னீகன்னா கேப்பாக."

"கேப்பாக" என்றாள் அம்மா. "ஓட்டு மட்டும் போட மாட்டாக."

இருளாண்டி தரையைப் பார்த்தார்.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். "பெல்சி, தோத்த பிறகும் கிளே சமாதானம் பேசப் போனாருல்ல?"

"போனாருப்பா. எழுபத்திரண்டு வயசுல."

"அப்புறம்?"

"ரெண்டு வருஷத்துல செத்துட்டாரு."

அது அவருக்குத் தெரியாததல்ல. சட்டையை எடுத்து மாட்டினார். பட்டன்களை ஒன்று தள்ளிப் போட்டுவிட்டார். அம்மா எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் போட்டுவிட்டாள்.

வாசலில் அந்த ஒற்றைச் செருப்பு கிடந்தது. அப்பா அதை ஒருமுறை பார்த்தார். வெறுங்காலோடு தெருவில் இறங்கினார்.