துக்கத்தில் சிவந்த ரோஜா

பிரான்சில் லுவார் நதிக்கரையில் பதினேழு வருடமாகச் சுற்றுலா பஸ் ஓட்டுகிறேன். தோட்டம், கோட்டை, திராட்சைத் தோட்டம் என்று ஆறு நாள் பயணம். பயணிகள் வாரத்துக்கு வாரம் மாறுவார்கள். கோட்டைகள் மாறாது, அங்கே சொல்லப்படும் கதைகளும் மாறாது. எந்த ராணி எந்த ஜன்னலில் நின்று அழுதாள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். லா ப்ரெஸ்ல் கோட்டையின் கதை மட்டும்தான் என் கண்ணெதிரே ஒரு ஜூன் மாதத்தில் மாறியது.

எங்கள் வழிகாட்டி ஒதீல். குட்டையான உருவம், பச்சைக் குடை, கழுத்தில் தொங்கும் கடிகாரம். இந்த வேலையில் ஒரு தடவைகூட அடுத்த இடத்துக்கு ஐந்து நிமிடம் தாமதமாகப் போனதில்லை என்பது அவளுடைய பெருமை. கோட்டைக்காரர்களை அனுசரித்துப் போவதில் கெட்டிக்காரி. ஆனால் லா ப்ரெஸ்லுக்குப் போகும் நாளில் மட்டும் காலையிலிருந்தே நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பாள். அந்தக் கோட்டையின் சொந்தக்காரரான பிரபு, பரோன் கொந்த்ரான், அவ்வளவு சுலபமாக முகம் வாடுகிறவர். அவர் கதை சொல்லும்போது ஒருமுறை யாரோ தும்மிவிட்டார்கள் என்று அன்றைக்கு பயணிகளுக்குத் தரும் ஒயினை வெளியே எடுக்கவே இல்லை.

அந்த வாரம் வந்தவர்கள் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஒரு தோட்டக்கலைச் சங்கத்தார். இருபத்துநான்கு பேர். அவர்களில் ஆக இளையவருக்கு அறுபத்தொரு வயது. தலைவி உபெர்த்தீனுக்கு எழுபத்தெட்டு. நாற்பது வருடம் ரோஜாவுக்கு ஒட்டுக்கட்டி விற்ற நாற்றங்கால்காரி. இவர்களைத் தோட்டத்துக்குள் விடுவது சிரமமில்லை, சும்மா நிற்க வைப்பதுதான் சிரமம். முதல் கோட்டையில் எல்லாரும் ராஜாவின் படுக்கையறையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர்கள் நடைபாதையோரம் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது கோட்டையில் உபெர்த்தீன் ஒரு செடிவேலியை வெட்டிச் சீர்செய்தே விட்டாள். காவலர் வந்து பெயரைக் குறித்துக்கொண்டு போனார்.

அதனால் லா ப்ரெஸ்ல் வாசலில் பஸ்ஸை நிறுத்தியதும் ஒதீல் கையை நீட்டினாள்.

"கத்தரியைக் குடுங்க, மதாம்."

"எந்தக் கத்தரி?"

"கைப்பையில இருக்கே, அது."

"அது நகம் வெட்டுறது."

"அத வச்சு வெட்டணும்னா நகத்த எவ்வளவு வளக்கணும், மதாம்" என்றேன் நான்.

உபெர்த்தீன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கத்தரியை என் கையில் வைத்தாள். இரண்டு வாழைப்பழம் கனம் இருந்தது. நான் அதை என் இருக்கைக்குப் பின்னால் வைத்தேன்.

பரோன் படிக்கட்டில் காத்திருந்தார். அறுபத்தெட்டு வயது, ஒல்லி, உயரம், தேவையே இல்லாத ஒரு கைத்தடி. நேரே தெற்குச் சுவருக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு கொடி ரோஜா சுவர் முழுக்கப் படர்ந்து கருஞ்சிவப்பாகப் பூத்திருந்தது.

"இதை என் கொள்ளுப்பாட்டி கல்யாணத்தன்னிக்கு நட்டாங்க" என்று தொடங்கினார். "வெள்ளை ரோஜா. பால் மாதிரி வெள்ளை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறுல என் கொள்ளுத்தாத்தா போருக்குப் போனார், திரும்பி வரல. சேதி வந்த அந்தக் கோடையில இந்தச் செடி சிவப்பாப் பூத்துச்சு. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் ஒரு பூகூட வெள்ளையா வரல."

இந்த இடத்தில் கைக்குட்டையை எடுப்பார். கூட்டத்தில் நாலு பேராவது கூடவே எடுப்பார்கள். அன்றைக்கும் எடுத்தார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் அர்சேன் சத்தமாகவே மூக்கைச் சிந்தினார்.

உபெர்த்தீன் மட்டும் செடியின் அடியில் மண்டியிட்டு விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஒதீல் இருமிப் பார்த்தாள். குடையால் மெதுவாக முதுகில் தட்டியும் பார்த்தாள்.

"இங்க பாருங்க" என்றாள் உபெர்த்தீன், தலையைத் தூக்காமல். "இதுதான் ஒட்டுக்கட்டின முடிச்சு. இதுக்கு மேல இருந்தது உங்க வெள்ளை ரோஜா. அது செத்துப் போச்சு. இப்ப சுவரெல்லாம் ஏறி நிக்கிறது, அடியில இருந்த காட்டு வேர் விட்ட முளை. அது எப்பவும் சிவப்பாத்தான் பூக்கும். யார் செத்தாலும், பொழச்சாலும்."

அவள் முடிச்சை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"அதோட, இந்தக் கட்டை நூறு வருஷத்துக்கு முன்னால செத்திருந்தா இன்னேரம் மண்ணாயிருக்கும். இது செத்து இருபது வருஷம்கூட ஆகல. எவனோ ஒருத்தன் குளிர்காலத்துல ஒட்ட வெட்டிக் கொன்னிருக்கான்."

பரோனின் முகத்தில் ரத்தமே இல்லை. "பார்வை நேரம் முடிஞ்சது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். ஒயின் நிலவறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

எங்கள் மதியச் சாப்பாடு அந்த நிலவறைக்குள்தான் இருந்தது. ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ், பன்றி இறைச்சி, ஒயின் எல்லாம் மேசையில் பரப்பியாயிற்று. இருபத்துநான்கு கிழவர் கிழவிகள் வெயிலில் நின்றார்கள். மணி பன்னிரண்டே முக்கால். மூன்று மணிக்கு அடுத்த கோட்டை.

"நீங்க போய் மன்னிப்புக் கேளுங்க, மதாம்" என்றாள் ஒதீல்.

"யார்கிட்ட? செடிகிட்டயா?"

"எனக்கு அந்தக் கதை பிடிச்சிருந்துச்சு" என்றார் அர்சேன் பரிதாபமாக. "உனக்கு வாய் சும்மா இருக்காதா, உபெர்த்தீன்?"

"தப்பான செடிக்கு அழுறியேன்னு சொன்னேன். அது ஒரு குத்தமா?"

சங்கம் இரண்டாகப் பிரிந்து சண்டை போட ஆரம்பித்தது. அந்த நேரத்தில் திராட்சைத் தோட்டத்துப் பக்கமிருந்து பரோனின் தங்கை அர்மெல் வந்தாள். ரப்பர் பூட்ஸ், கையில் கோழித் தீவன வாளி. அந்த வீட்டில் உண்மையாக வேலை செய்கிற ஒரே ஆள். மூடின கதவைப் பார்த்தாள், கிளறின மண்ணைப் பார்த்தாள்.

"யாரு கண்டுபிடிச்சது?"

எல்லாரும் உபெர்த்தீனைக் காட்டினார்கள்.

"பதினெட்டு வருஷமா ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கல" என்றாள் அர்மெல். "வாங்க என்கூட."

உபெர்த்தீன், ஒதீல், நான் மூவரும் பின்னால் போனோம். அர்மெல் நடந்துகொண்டே சொன்னாள். "அண்ணன் ஒரு ஜனவரியில புத்தகத்தைப் படிச்சிட்டு வெட்டினான். வசந்தத்துல சிவப்பா முளைச்சு வந்துச்சு. ஆடிப் போயிட்டான், பாவம். அந்த வருஷம் வந்த ஒரு அம்மா, ஏன் இந்தச் செடி இவ்வளவு சிவப்புன்னு கேட்டாங்க. நான்தான் கொன்னேன்னு சொல்ல அவனுக்கு வாய் வரல. கொள்ளுத்தாத்தா மேல தூக்கிப் போட்டுட்டான். அந்த அம்மா அழுதாங்க. அப்புறம் எங்க நிறுத்துறது?"

கோழிக்கூட்டுக்குப் பின்னால் போனதும் உபெர்த்தீன் நின்றுவிட்டாள். கூட்டின் கூரைமேல் வெள்ளை ரோஜா படர்ந்து பூத்துக் கிடந்தது. ஓடே தெரியவில்லை.

"வெட்டிப் போட்ட குவியல்லருந்து ஒரு குச்சி எடுத்து நட்டேன்" என்றாள் அர்மெல். "அவன் கோழி நாத்தம் ஆகாதுன்னு இந்தப் பக்கமே வரமாட்டான்."

உபெர்த்தீன் ஒரு கிளையை வளைத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள். "ஃபபியான், அந்த நகவெட்டியக் கொண்டா."

நான் ஒதீலைப் பார்த்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு வானத்தைப் பார்த்தாள், பிறகு தலையை ஆட்டினாள். ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

ஒரு பூங்கொத்தோடு உபெர்த்தீன் நிலவறைக் கதவின் முன்னால், படியில் உட்கார்ந்தாள். முழங்கால் வலியில் அவளால் நிற்க முடியவில்லை.

"மொஸ்ஸியே, நான் தோட்டக்காரி. ஒரு டிசம்பர்ல கண்ணாடி வீட்டு ஜன்னலைச் சாத்த மறந்துட்டேன். தொள்ளாயிரம் எலுமிச்சைக் கன்னு ஒரே ராத்திரிக் குளிர்ல போச்சு. பக்கத்து வீட்டுக்காரன் கல்லெறிஞ்சு கண்ணாடியை உடைச்சிட்டான்னு புருஷன்கிட்ட சொன்னேன். பாவம் அந்த ஆளு, அவன் சாகுற வரைக்கும் என் புருஷன் அவன்கூடப் பேசல."

உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு கதவுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"தொள்ளாயிரமா?"

"தொள்ளாயிரத்துப் பன்னெண்டு."

தாழ்ப்பாள் விலகியது. பரோன் தலையை மட்டும் நீட்டினார். கண் சிவந்திருந்தது, மீசையில் சீஸ் ஒட்டியிருந்தது. உபெர்த்தீன் பூக்களை நீட்டினாள். அவர் அவற்றை வாங்கி முகர்ந்தார்.

"இது எங்கேருந்து?"

"கோழிக்கூட்டு மேலருந்து" என்றாள் அர்மெல்.

"எத்தன வருஷமா?"

"பதினெட்டு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ வெட்டியிருப்பே."

பரோன் யோசித்துப் பார்த்தார். "ஆமா" என்றார். "வெட்டியிருப்பேன்."

அன்றைக்கு அடுத்த கோட்டைக்கு நாங்கள் போகவில்லை. ஒதீல் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். இரண்டு தம்ளர் ஒயின் குடித்தாள், செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் கால் நீட்டினாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. சங்கத்தார் சாப்பிட்ட கையோடு தோட்டத்துக்குள் புகுந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. நடைபாதைக் களை போயிற்று, வேலிகள் நேராயின. உபெர்த்தீன் வெள்ளை ரோஜாவிலிருந்து பன்னிரண்டு குச்சி வெட்டித் தொட்டியில் வைத்தாள். பரோன் தானும் ஒன்று வெட்டுவதாகச் சொன்னார். அவள் கொடுக்கவில்லை. தண்ணீர் ஊற்ற மட்டும் அனுமதித்தாள். அர்சேன் சிவப்புப் பூ ஒன்றைச் சட்டையில் குத்திக்கொண்டார். கதை பொய்யென்றாலும் பூ நன்றாகத்தானே இருக்கிறது என்றார்.

செப்டம்பரில் வேறொரு கூட்டத்தோடு அங்கே போனேன். பரோன் தெற்குச் சுவருக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

"இங்க என் கொள்ளுப்பாட்டி நட்ட வெள்ளை ரோஜா இருந்துச்சு. ஒரு ஜனவரி மாசம், புத்தகத்தைப் பார்த்து வெட்டி, நானே கொன்னுட்டேன். அப்புறம் பதினெட்டு வருஷம் பொய் சொன்னேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் திகைத்துப் போனார். எல்லாரும் நிலவறைக்கு நகர்ந்த பிறகு என் தோளைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

"ஃபபியான், நான் மனசு விட்டுச் சொல்றேன். இதுல என்ன சிரிப்பு?"

"தெரியல, மொஸ்ஸியே."

"போன வாரமும் சிரிச்சாங்க."

பன்னிரண்டு குச்சியில் ஒன்பது வேர் பிடித்திருந்தது. சமையலறைச் சுவரோரம் வரிசையாக வைத்து, சுற்றிலும் இடுப்பு உயரத்துக்குக் கம்பிவலை அடித்து, பூட்டும் போட்டிருந்தாள் அர்மெல். பரோன் வலைக்கு வெளியே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு தொட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.